வெச்சிடட்டுமாம்மா

ஹைதராபாத் மியாப்பூரில் நாங்கள் வேலை செய்த அடுக்குமாடியில் நான்காவது மாடியில்தான் சிக்னல் ஒழுங்காக வரும். ஜன்னல்கூடப் பொருத்தாத ஹாலில் சிமெண்ட் மூட்டைகளை அடுக்கி, அதன்மேல் பழைய லேப்டாப் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு என் மகள் ஸ்வரூபா உட்கார்ந்திருந்தாள்.

டிகிரி முடித்துவிட்டாள். எங்கே போனாலும் அனுபவம் இருக்கிறதா என்றே கேட்டார்கள். வேலையே கொடுக்காவிட்டால் அனுபவம் எங்கிருந்து வரும்? அதற்குத்தான் இந்த ஆன்லைன் பயிற்சி. கம்ப்யூட்டருக்குள் மட்டும் இருக்கிற, நிஜத்தில் இல்லாத கம்பெனி ஒன்று. அதற்கு இல்லாத மேனேஜர், இல்லாத வாடிக்கையாளர்கள். போனில் பணம் அனுப்ப முடியவில்லை, கணக்கு திறக்கவில்லை என்று அவர்கள் கூப்பிடுவார்கள். இவள் சரிசெய்து கொடுக்க வேண்டும். பயிற்சியின் கடைசி ஷிஃப்டில் தேறினால் நிஜக் கம்பெனிக்கு நேர்காணலுக்குப் பெயர் போகும்.

ஏற்கெனவே ஒருமுறை நடுவில் டைல்ஸ் வெட்டும் மெஷின் ஓடி, சத்தத்துக்காகவே தள்ளிவிட்டார்கள். இது இரண்டாவது தடவை. மூன்றாவது கிடையாது.

அதனால் காலையிலேயே மேஸ்திரியிடம் போய் நின்றேன்.

"கிஷ்டய்யா அண்ணா, மத்தியானச் சாப்பாடு வரைக்கும் மெஷின போடாத."

"ஏன் யாதம்மா, உன் பொண்ணு கலெக்டர் பரீட்சையா எழுதுது?"

"வேலைக்குண்ணா."

"இல்லாத கம்பெனியில இல்லாத வேலை! எனக்கு நஷ்டம் மட்டும் நெசம்." பான்பராக்கைத் துப்பிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தான். "சரி, நிறுத்துறேன். தேறலைன்னா நாளையிலிருந்து உன் மகாராணியும் வந்து மணல் தூக்கணும். இந்த அரை நாள் நஷ்டத்த அவதான் அடைக்கணும். சம்மதமா?"

தலையாட்டினேன். அவளிடம் சொல்லவில்லை.

மெஷின் நின்றது. நான் செருப்பைக் கழற்றிவிட்டு மூன்றாம் மாடிக்கு மணல் சுமந்தேன். தட்டை மெதுவாகக் கவிழ்த்தேன். அங்கிருந்து இன்னும் கொஞ்சம் ஏறினால் அவள் முகம் தெரியும். காதில் ஹெட்போன். அவள் பேசுவது மட்டும்தான் எனக்குக் கேட்கும். யாரோ திட்டினால் உதட்டைக் கடித்துக்கொண்டு, "மன்னிச்சுக்கோங்க சார்," என்பாள். அவள் முகம் தெளிவதைப் பார்த்துவிட்டு இறங்குவேன். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தெளிந்துகொண்டுதான் வந்தது.

சாப்பாட்டு நேரம் நெருங்கும்போது மறுபடி ஏறினேன். குரல் மாறியிருந்தது.

"அழாதீங்கம்மா. உங்க பணம் எங்கயும் போகல. நான் பதிஞ்சுட்டேன், நாளைக்குத் திரும்ப வந்துடும்."

கொஞ்ச நேரம் கேட்டாள்.

"சரிம்மா. வெச்சிடட்டுமாம்மா?"

பதில் வரவில்லை போலிருந்தது. மறுபடி, "வெச்சிடட்டுமாம்மா?" என்றாள்.

எங்கள் பக்கம் பெரியவர்களிடம் பேசினால் அப்படித்தான். கேட்டுவிட்டு, அந்தப் பக்கம் "ம், வை" என்று சொன்ன பிறகுதான் போனை வைப்போம். அழுகிறவள் காதில் பட்டென்று வைப்பது செருப்பால் அடிப்பதுபோல. என் பிள்ளை எவ்வளவு மரியாதையாகப் பேசுகிறாள் என்று மனம் நிறைந்து இறங்கிப் போனேன். அடுத்த தட்டோடு வந்தபோதும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள். அதற்கடுத்த தட்டுக்கும். கண்ணோரம் நீர் நின்றது. திரையின் ஓரத்தில் சிவப்பாக வரிசை ஒன்று ஏறிக்கொண்டே போனது.

பிறகு திரை முழுக்கச் சாம்பலானது. அவள் ஹெட்போனைக் கழற்றினாள்.

"என்னாச்சு பிட்டா, என் கண்ணு?"

"போச்சும்மா."

"நல்லாத்தானே பேசின?"

"ஒரே ஆளோட ரொம்ப நேரம் இருந்துட்டேனாம். வரிசையில நின்னவங்க எல்லாரும் வெச்சுட்டுப் போயிட்டாங்களாம். என் பயிற்சிக் கணக்க மூடிட்டாங்க."

"அந்தப் பொம்பள 'சரி'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? கல் மனசுக்காரி!"

ஸ்வரூபா என்னைப் பார்த்தாள். சிரிக்க வந்தது அவளுக்கு. அது சிரிப்பாக வரவில்லை.

"அது பொம்பள இல்லம்மா, மெஷின். நான் வெக்கிற வரைக்கும் அழுதுட்டே இருக்கும். அப்படித்தான் செஞ்சு வெச்சிருக்காங்க."

"தெரிஞ்சுமா காத்திருந்த?"

"தெரியும். ஆனா குரல் உன் குரல் மாதிரியே இருந்துச்சு. எப்படி வெக்கிறது?"

 காலையில் சோள மாவில் தட்டிக் கட்டிக்கொண்டு வந்த ஜொன்ன ரொட்டி மூட்டைமேல் காய்ந்து கிடந்தது. அவளும் தொடவில்லை, நானும் தொடவில்லை.

கீழே மெஷின் கிறீச்சென்று ஓட ஆரம்பித்தது. அதற்கு மேலாகக் கிஷ்டய்யாவின் குரல் வந்தது.

"யாதம்மோ! மகாராணி பாஸா, ஃபெயிலா?"

ஸ்வரூபா என் பக்கம் திரும்பினாள். "அவனுக்கு எதுக்கும்மா அது?"

சொன்னேன். காலையில் ஒத்துக்கொண்டதைக் குனிந்துகொண்டுதான் சொன்னேன்.

அவள் கத்தவில்லை. கம்ப்யூட்டரை மூடி, துப்பட்டாவால் துடைத்து, சுவரோரம் தூசி படாத இடமாகப் பார்த்து வைத்தாள். பிறகு அதே துப்பட்டாவைச் சுருட்டித் தலையில் சும்மாடு கட்டப் பார்த்தாள். கட்டத் தெரியவில்லை, அவிழ்ந்து அவிழ்ந்து விழுந்தது.

"நாளைலேர்ந்துதான் பிட்டா," என்றேன்.

"இன்னைக்கே காட்டிக் குடும்மா," என்றாள்.