கேட்டதில் பாதி

மகள் கல்லூரியில் தொடங்கிய புரோகிராமிங்கை ஜவுளிக்கடைத் தாத்தா அறுபத்தெட்டு வயதில் தொடங்கினார். அவருடைய முதல் புரோகிராமே பேத்திக்குப் போட்ட கடிவாளம்: ஒரு ஆள் நாளுக்கு ஒரு முறைதான் கம்ப்யூட்டரில் நேரம் கேட்கலாம், கேட்டதில் பாதிதான் கிடைக்கும், அப்புறம் கம்ப்யூட்டர் பூட்டிக்கொள்ளும்.

ஒரு நாள் மாலைக்குள் அவர் தன் புரோகிராமிங் வகுப்பின் வீட்டுப்பாடத்தை எழுதி அனுப்பியாக வேண்டும். தேவையான முப்பது நிமிடத்தை யோக்கியமாகத் தட்டினார். பாடம் பாதியில் நிற்க, திரை பூட்டிக்கொண்டது.

"அடப்பாவி, எனக்குமா?"

"கடைக்காரரே முதல் பேச்சுல உண்மையைச் சொல்லலாமா தாத்தா?" என்ற பேத்தி, தன் முறைக்கு அறுபது கேட்டு முப்பது வாங்கினாள்.

"அதுல எனக்குப் பதினஞ்சு குடும்மா."

"ஏழரை தரேன்."

தாத்தா மீசையைத் தடவினார். "அப்ப முப்பது குடு!"

"இப்பத்தான் வழிக்கு வந்தீங்க. பதினஞ்சு!" என்று நாற்காலியை விட்டு எழுந்தாள்.