இரண்டு கார்டு போடும் கெமரா

எங்கள் பதுளை படப்பிடிப்பாளர் சங்கம் இந்த வருடம் ஒரு மலர் போடுகிறது. செயலாளர் ஷிபான் எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் ஒரே கேள்வியை அனுப்பியிருந்தான்: "உங்களுக்கு மிகவும் பிடித்த கெமரா எது, ஏன்?" பத்து வரிக்குக் குறையாமல் எழுத வேண்டுமாம். எல்ல என்ற ஊரில் வெள்ளைக்காரர்களைப் பாலத்தில் நிற்கவைத்துப் படம் எடுக்கும் பயல்கள் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளிவிட்டார்கள். ஒருவனுக்குத் தன் கெமராவின் சத்தம் சங்கீதமாம். இன்னொருவன் அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் தூங்குவானாம். கட்டியவள் எங்கே தூங்குகிறாள் என்று அவன் எழுதவில்லை.

நான் எழுதி அனுப்பியது இவ்வளவுதான்: "நிக்கோன் ஏழாயிரம். இரண்டு கார்டு போடலாம். இப்படிக்கு நிமலன்."

ஷிபான் உடனே ஃபோன் எடுத்தான். "அண்ணே, இதெல்லாம் ஒரு காரணமா? கொஞ்சம் மனசுவிட்டு எழுதுங்களேன்" என்றான்.

மனசுவிட்டு எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். போடுவதும் போடாததும் அவன் பாடு.

அந்தக் கெமராவைப் பண்டாரவளையில் ஒருவரிடம் பழசாக வாங்கினேன். அதற்கு முன்பு வைத்திருந்ததில் ஒரு கார்டுதான் போடலாம். ஒரு கல்யாணத்தில் தாலி கட்டும் நேரம் அந்தக் கார்டு செத்துப்போய், பொண்ணு வீட்டார் என்னைக் கிழிகிழியென்று கிழித்தார்கள். அன்றைக்கு முடிவு பண்ணினேன், இனி எடுத்தால் இரண்டு கார்டு கெமராதான் என்று. ஏழாயிரத்தில் ஒரு படம் எடுத்தால் அது இரண்டு கார்டிலும் விழும். முதல் கார்டை ஒவ்வொரு வேலை முடிந்ததும் துடைத்துவிடுவேன். இரண்டாவது கார்டு நிறைகிறவரை உள்ளேயே கிடக்கும். அதை யாரும் பார்ப்பதில்லை, நானும் பார்ப்பதில்லை. பிடியில் ரப்பர் கழன்று, சைக்கிள் டியூப்பை வெட்டி ஒட்டியிருக்கிறேன். இருட்டில் எடுத்தால் படம் குருணை குருணையாக விழும். ஆனாலும் பதினொரு வருடம் என் கழுத்தில் கிடந்தது அதுதான்.

போன கார்த்திகையில் நடந்ததற்குப் பிறகு நான்கு வாரம் அதை நான் தொடவில்லை.

ஐந்து நாள் விடாமல் மழை பெய்து, ஹாலிஎலயில் என் வீட்டுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில் மண் சரிந்தது. தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டிக் கட்டிய லயம் ஒன்று அப்படியே மண்ணுக்குள் போய்விட்டது. ரோட்டு இரண்டு பக்கமும் உடைந்து பொலிஸ் ஏறிவர முடியவில்லை. கிராம சேவகர்தான் கூப்பிட்டார். "தம்பி, படம் எடுக்காம அடக்கம் பண்ண ஏலாதாம். கெமரா உள்ள ஆள் இங்க நீங்க மட்டும்தான்" என்றார்.

வாசிகசாலையில் பதினொரு பேரைக் கிடத்தியிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் நம்பர் எழுதிய அட்டை. ஒரு பெண் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து முகத்துச் சேற்றைக் கழுவிவிட, நான் பின்னாலேயே எடுத்துக்கொண்டு போனேன். ஜன்னல் வழியாக மழை விட்ட பிறகு வருகிற வெளிச்சம் விழுந்தது. நல்ல வெளிச்சம், நிழலே விழாது. அந்த இடத்தில் நின்றுகொண்டு, வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்று நான் நினைத்தேன். அதற்குப் பிறகு எனக்கு மனசில் எதுவும் படவில்லை. நான் அழவில்லை. வீட்டுக்கு வந்து சோறு தின்றேன்.

ரோட்டு திறந்ததும் பொலிஸுக்கு முதல் கார்டைக் கொடுத்தேன். அவர்கள் தேவையானதை எடுத்துக்கொண்டு, "உங்ககிட்ட உள்ளத அழிச்சிருங்க" என்று திருப்பித் தந்தார்கள். இரண்டாவது கார்டில் மற்ற வேலைகளும் கிடந்தன, அழிப்பதென்றால் ஒவ்வொன்றாகப் பார்த்து அழிக்க வேண்டும். முதல் கார்டையும் துடைக்காமல் கெமராவில் போட்டு, கெமராவை ஸ்டூடியோ அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். அடையாள அட்டைப் படங்களைக் கடையில் இருந்த இன்னொரு கெமராவில் எடுத்தேன். காதைக் காட்டுங்க, நேரே பாருங்க, முடிஞ்சிருச்சு. நாள் முழுக்க இதையே சொல்லிக்கொண்டிருந்தேன். என் மனைவி விஜயலெட்சுமி ஒருநாள் தட்டைப் பார்த்துவிட்டு, "குழம்புல இன்னைக்கு உப்பே போடல. அதுகூடவா தெரியல உங்களுக்கு?" என்றாள். தெரியவில்லை. அது எனக்குப் பெரிய விஷயமாகவும் இல்லை.

நான்கு வாரம் போயிருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு பெண் மாடியேறி வந்தாள். கையில் நான் செய்த கல்யாண அல்பம், சாரத்துணியில் சுற்றியிருந்தது. ஆவணியில் நான் படம் எடுத்த பொண்ணு. பெயர் ஜெயந்தினி. வாக்கப்பட்டது பசறைப் பக்கம்.

"அண்ணே, அம்மா படம் ஒண்ணு வேணும். முப்பத்தோராம் நாள் காரியத்துக்கு வைக்கிறதுக்கு" என்றாள்.

அவளுடைய அம்மா தனலெட்சுமி அந்த லயத்தில்தான் இருந்தாள் என்பது அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"அல்பத்துல இருக்குமே" என்றேன்.

"இல்லண்ணே. நீங்களே பாருங்க."

புரட்டினேன். நானூறு படம். தாய்மாமன் இருக்கிறார், அத்தைமார் இருக்கிறார்கள், மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பத்துப் பக்கத்துக்கு நிற்கிறார்கள். தாரை வார்த்துக் கொடுத்தது தாய்மாமனும் அவர் பெண்சாதியும். பொண்ணுக்குத் தகப்பன் இல்லை, அதனால் தாய் எந்தப் படத்துக்கும் முன்னால் வரவில்லை. புருசன் இல்லாதவள் கல்யாணப் படத்தில் நிற்கக்கூடாது என்று யாரும் சொல்லவேண்டியதில்லை, அவளே ஒதுங்கிவிடுவாள். நானும் கூப்பிடுவதில்லை. பதினெட்டு வருடத் தொழிலில் ஒருத்தியைக்கூட நான் கூப்பிட்டதில்லை. ஒரு படத்தில் மட்டும் கதவு ஓரமாக ஒரு முழங்கை தெரிந்தது.

"அது அம்மா கைதான்" என்றாள் ஜெயந்தினி.

"ஃபோன்ல எடுத்தது?"

"அவரு எனக்குப் புது ஃபோன் வாங்கிக் குடுத்தாரு. பழச அம்மாகிட்ட குடுத்துட்டுப் போனேன். படமெல்லாம் அதுலதான் இருந்துச்சு." பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினாள். அம்மாவின் அடையாள அட்டையின் போட்டோகொப்பி. முகம் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு மை அப்பியிருந்தது. "இதத்தான் மாமா பெருசாக்கி வைக்கச் சொல்றாரு. இது யாருண்ணே? கண்ண மூடினா எனக்கு அம்மா மொகம் வரமாட்டேங்குது. நாலு நாளா வரல."

இல்லையம்மா என்று சொல்லி அனுப்பத்தான் வாயைத் திறந்தேன். அப்போது எனக்கு அந்தக் காலை நேரம் ஞாபகம் வந்தது.

மணவறை கட்டி முடித்ததும் நான் வெளிச்சம் பார்ப்பேன். பொண்ணு உட்காரும் கதிரையில் அங்கே நிற்கிற யாரையாவது உட்காரவைத்து ஒரு படம். அந்தப் படத்தை யாருக்கும் கொடுப்பதில்லை. அன்றைக்கு ஒரு பெண் கதிரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "அம்மா, அதுல கொஞ்சம் உக்காருங்க" என்றேன். தோட்டத்தில் கெமரா வைத்திருப்பவன் சொன்னால் யாரும் மறுக்கமாட்டார்கள். அவளும் உட்கார்ந்தாள். நான் வெளிச்சத்தைப் பார்த்தேன், அவள் நெற்றியைப் பார்க்கவில்லை. படம் எடுத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. நெருப்பில் உட்கார்ந்தவள் மாதிரி எழுந்தாள்.

"ஐயோ தம்பி, மணவறைல நான் உக்காந்துட்டேனே! பிள்ளைக்கு ஆகாது. அழிச்சிருங்க, யாரும் பாக்கமுந்தி அழிச்சிருங்க."

அவளுக்குக் காட்டிக்கொண்டே குப்பைத்தொட்டிப் பொத்தானை அமுக்கினேன்.

"போயிருச்சா?" என்றாள்.

"போயிருச்சும்மா."

போகவில்லை. அழித்தது முதல் கார்டில். இரண்டாவது கார்டில் அது அப்படியே கிடந்திருக்க வேண்டும். அதே கார்டில்தான் வாசிகசாலையும் கிடந்தது.

இதை ஜெயந்தினியிடம் எப்படிச் சொல்வது? உன் அம்மா மணவறையில் உட்கார்ந்தாள், உனக்கு ஆகாது என்று பயந்தாள், மூன்று மாதத்தில் லயம் மண்ணுக்குள் போனது. கேட்கிறவள் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டால், காலத்துக்கும் அவிழாது. சொல்லாமல் விட்டால், அந்தக் கறுப்பு மைக்கு மாலை போடுவாள். அந்தத் தாளை மடித்து ஓரமாக வைத்தேன். பிறகு சொன்னேன். ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன்.

அவள் அல்பத்தை மூடி வைத்தாள். "அதக் காட்டுங்கண்ணே" என்றாள்.

அலுமாரியைத் திறந்தேன். ஏழாயிரத்தின் பட்டையில் அந்த நாளின் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. பெட்டரியைச் சார்ஜ் பண்ணிப் போட்டு, திரையை என் பக்கம் திருப்பிக்கொண்டு இரண்டாவது கார்டைத் திறந்தேன். கடைசியாக எடுத்ததுதான் முதலில் வந்தது. பதினோராம் நம்பர். பெருவிரலால் அமுக்கிக்கொண்டே பின்னால் போனேன். பத்து. ஒன்பது. ஒவ்வொருவருக்கும் மூன்று படம். எட்டு. ஏழு. நான் அமுக்கிக்கொண்டே போனேன். வாசிகசாலை முடிந்து ஒரு பூப்புனித நீராட்டு விழா வந்தது, ஒரு கோயில் தேர் வந்தது, பிறகு ஆவணிக் கல்யாணம் வந்தது, அதன் முதல் படம் வந்தது.

சிவப்புக் கதிரையில் தனலெட்சுமி உட்கார்ந்திருந்தாள். இடுப்பில் சொருகிய சேலை, கையில் துடைக்கிற துணி. கெமராவை நேரே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரையை ஜெயந்தினி பக்கம் திருப்பினேன். அவள் குனிந்து பார்த்தாள். கெமராவை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"சிரிக்கிறாங்க" என்றாள். பிறகு, "ஒரு தடவையாவது உக்காந்தாங்களே" என்று சொல்லி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் ஃபேனைப் போட்டேன். அதைத்தவிர எனக்கு வேறு எதுவும் செய்யத் தெரியவில்லை.

அவள் ஓய்ந்ததும் தொழில் பழக்கத்தில் கேட்டேன். "பொட்டு வைக்கணுமா? கொஞ்சம் வெளுப்பாக்கணுமா? எல்லாரும் அப்படித்தான் கேப்பாங்க."

"வேணாம். அப்பா போனப்ப எனக்கு நாலு வயசு. எனக்கு அந்த வெறும் நெத்தியத்தான் தெரியும்."

"பின்னால மணவறை இருக்கே. மாமா ஏசமாட்டாரா?"

"ஏசட்டும். அது இருக்கணும்."

பெரிய அளவில் ஒன்று அச்செடுத்துக் கொடுத்தேன். அதைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள், எழுந்து போகவில்லை.

"அண்ணே, அம்மா ஏழாம் நம்பருன்னு மாமா சொன்னாரு. அவருதான் பாத்து அடையாளம் சொன்னாரு. நான் வயித்துப் பிள்ளக்காரின்னு என்னையப் பாக்க விடல. பெட்டியையும் தொறக்கல." கெமராவைக் காட்டினாள். "அதுவும் இதுலதான இருக்கு?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். வயிற்றுப் பிள்ளையோடு இருப்பவள் சாவு முகம் பார்க்கக்கூடாது, என் வீட்டிலும் அப்படித்தான். ஆனால் அவள் கேட்ட விதத்தில் எனக்குப் பொய் வரவில்லை.

"இருக்கு. நல்லா யோசிச்சியா?"

"ரா பகலா அதத்தான யோசிக்கிறேன். மனசு என்னென்னமோ காட்டுது. இதவிட மோசமா இருக்காது."

ஏழாம் நம்பரைக் கொண்டுவந்து அவளிடம் கொடுத்தேன். நானும் பக்கத்தில் நின்று, அன்றைக்குப் பார்க்காத முகத்தைப் பார்த்தேன். கண் மூடியிருந்தது. கன்னத்தில் கழுவியது போக ஒரு கோடு சேறு. இந்த முகத்தை மூன்று மாதத்துக்கு முன்பு இதே கெமராவில் எடுத்தவன் நான், அன்றைக்கு எனக்கு அடையாளம் தெரியவில்லை.

ஜெயந்தினி நெடுநேரம் பார்த்தாள். "தூங்குறப்ப இப்பிடித்தான் இருப்பாங்க" என்றாள். பிறகு கெமராவை நீட்டினாள். "போதும்ணே. அழிச்சிருங்க."

அந்த மூன்று படத்தையும் அழித்தேன்.

"போயிருச்சா?" என்றாள்.

அதே வார்த்தை, அதே குரல். என் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. நான்கு வாரத்தில் என் உடம்பில் எனக்குத் தெரிந்த முதல் விஷயம் அதுதான். நான் துடைக்கவில்லை.

"இல்லம்மா" என்றேன். "இன்னொரு கார்டுல இருக்கு."

முதல் கார்டைத் திறந்து, அவளுக்குக் காட்டிக்கொண்டே, அதிலும் அழித்தேன்.

"இப்ப போயிருச்சு."