ஜாவாக்காரி தொட்ட இடம்

மலேசியாவில் சபாக் பக்கத்துத் தோட்டத்தில் ஜாவாக்காரர்களைப் பற்றிக் கதை தெரியாதவன் ஒருவன்கூடக் கிடையாது. ஜாவாக்காரன் ஒருவனோடு உட்கார்ந்து பேசியவனும் கிடையாது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அவர்கள் கிராமமான கம்பம், இந்தப் பக்கம் நம் லயத்து வீட்டு வரிசை, நடுவில் ஒரு பலகைப் பாலம். செம்பனைக் குலை வெட்டுகிற முருகையாவுக்கு அந்தக் கதைகள் மனப்பாடம். பிள்ளை பெற்றவளின் நஞ்சுக்கொடியை எடுத்துப் போய் மை செய்வார்களாம். அதை வைத்துக் குடும்பத்தையே ஆட்டிப் படைப்பார்களாம். சொன்னவர்களில் ஒருவரும் கண்ணால் பார்த்ததில்லை. அதனால் யாரும் நம்பாமல் இருந்துவிடவில்லை.

எண்பத்து மூன்றாம் வருஷம், தைப்பூசத்துக்கு மறுநாள், அவன் மனைவி திலகத்துக்கு நாளுக்கு முன்னதாகவே வலி கண்டது. தோட்டத்தில் வைத்தியம் பார்க்கும் டிரஸ்ஸர் பத்துமலை முருகன் கோயிலுக்குப் போனவர் திரும்பவில்லை. லோரி குலை ஏற்றிக்கொண்டு ஆலைக்குப் போயிருந்தது. பக்கத்து வீட்டு அமராவதி யாரையும் கேட்காமல் பாலத்தைத் தாண்டி ஓடி, கம்பத்து மருத்துவச்சி துமினாவைக் கூட்டி வந்துவிட்டாள்.

முருகையா வாசலில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். உள்ளே பிள்ளை அழுதது. ஆண் பிள்ளை. நஞ்சுக்கொடியும் விழுந்தது. ரத்தம்தான் நிற்கவில்லை. துமினா திலகத்தின் அடிவயிற்றில் கையை வைத்து, மாவு பிசைகிற மாதிரி அழுத்திப் பிசைந்தாள். ரத்தம் மட்டுப்பட்டது. கையை எடுக்காமலேயே, புதுச் சட்டி ஒன்றும் உப்பும் விளக்கும் கேட்டாள். நஞ்சுக்கொடியைக் கழுவிப் புதைக்க வேண்டுமாம்.

நாமும்தான் புதைக்கிறோம், நாய் கிளறாமல் ஆழமாகக் குழி தோண்டி. நாம் செய்தால் அது வழக்கம். ஜாவாக்காரி கேட்டதும் சூனியமாகிவிட்டது.

முருகையா குலை வெட்டும் அரிவாளோடு உள்ளே போனான்.

"எந்திரி. வெளிய போ."

"அவ கைய எடுத்தா ரத்தம் கொட்டும்டா. லோரி வர்ற வரைக்கும் இருக்கட்டும்லா," என்றாள் அமராவதி.

"நஞ்சுக்கொடி எதுக்குக் கேக்குறான்னு ஒனக்குத் தெரியாதுக்கா. பேசாம இரு."

திலகம் தலையைத் திருப்பினாள். "இருக்கட்டுங்க," என்றாள். அவளால் முடிந்தது அவ்வளவுதான். அதற்குள் ஜாவாக்காரி அவளையும் மயக்கிவிட்டாள் என்று எண்ணினான் முருகையா.

அரிவாளைத் துமினாவின் கழுத்துக்கு நேரே நீட்டினான். அவள் எழுந்து போனாள். வாசலில் நின்று, அழுத்துங்கள், லோரி வரும்வரை விடாமல் அழுத்துங்கள் என்று மலாயில் கத்தினாள். மலாய் அவனுக்கு நன்றாகவே தெரியும். அமராவதி கையை வைக்கப் போனாள்.

"அவ தொட்ட எடம். மொதல்ல மஞ்சத்தண்ணி ஊத்திக் கழுவுங்க."

கழுவினார்கள். திருநீறு பூசினார்கள். பாய் நனைந்து, தரையும் நனைந்தது.

திரும்பி வந்த லோரி அவளை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பாதி வழி போவதற்குள் திலகம் போய்விட்டாள். அங்கே இருந்த நர்ஸை மிஸ்ஸி என்பார்கள்; அவள் தமிழ்ப் பெண். "அடிவயித்த யாராச்சும் அழுத்திப் புடிச்சிக்கிட்டே வந்திருந்தா பொழச்சிருப்பாங்கண்ணே," என்றாள். திட்டவில்லை. முருகையா சரிங்க என்றான்.

லயத்தில் எல்லோரும் கூடியிருந்தார்கள். என்ன ஆச்சு என்று பெரியவர் காளியண்ணன் கேட்டார்.

"ஜாவாக்காரி கைய வச்சா," என்றான் முருகையா.

அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. லயமே தலையை ஆட்டியது. அமராவதி வாயைத் திறந்தாள். புருஷன் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள்.

மறுநாள் காலை, பிணத்தை எடுப்பதற்கு முன்னால், துமினா பாலத்தில் வந்தாள். பிள்ளை பெற்றவளுக்குத் தினமும் வந்து உடம்பு பிடித்துவிடுவது அவர்கள் வழக்கம். அரிவாள் காட்டி விரட்டியவன் வீட்டுக்கும் வந்தாள், கையில் எண்ணெய்க் கிண்ணத்தோடு. செய்தி அவளுக்குத் தெரியாது.

ஆண்கள் எழுந்தார்கள். யாரும் நகரவில்லை; எல்லோரும் முருகையாவைப் பார்த்தார்கள். போ என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போயிருப்பாள். ஆனால் இன்னும் நாலு எட்டு வைத்தால் கேட்டுவிடுவாள், அழுத்தினீர்களா என்று. மலாயில்தான் கேட்பாள், லயத்தில் எல்லோருக்கும் புரியும்.

அவள் வாயைத் திறப்பதற்குள் முருகையா கல்லை எடுத்தான்.