சத்தத்துக்கு மேல் சத்தம்

சுசீலா தோசைக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தபோது கடைசி வீட்டில் பாத்திரம் உருண்டது. அடுத்தது அடி. உடனே பக்கத்து வீட்டு ரேடியோ உரத்தது. பிறகு அதற்கடுத்தது. பாடி என்ற இடத்தில், தொழிற்சாலைச் சுவரை ஒட்டிய அந்த வரிசையில் ஆறு வீடுகள். ஒரே ஓட்டுக்கூரை. இடைச்சுவர் எதுவும் கூரையைத் தொடாது. ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் ஆறு வீட்டிலும் தும்முவார்கள். கடைசி வீட்டுக் கஜபதி தன் மனைவி பஞ்சவர்ணத்தை அடிக்கத் தொடங்கினால் மற்ற ஐந்து வீட்டிலும் ரேடியோவைத் திருகிவிடுவது யாரும் சொல்லாமலே வந்த வழக்கம். பஞ்சவர்ணத்தின் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைப்பு.

போன வாரம் குழாயடியில் சுசீலா வாய் திறந்திருந்தாள். "அடுத்த தபா ரேடியோ வெக்காம, எல்லாரும் போய்க் கதவத் தட்டலாமே."

அதே வரிசையில் இருக்கும் பொன்னம்மாள் குடத்தை ணங்கென்று வைத்தாள். "அடி வாங்கறவளே கம்முனு கீறா. உனுக்கு இன்னாடி நோவுது? வந்துட்டா நாயம் பேச."

குழாயடியின் சிரிப்பு வீடுவரை சுசீலாவோடு வந்தது.

இப்போது அவள் எழுந்ததும் கணவன் ரகுநாதன் கையை நீட்டி ரேடியோவைத் திருகினான். "வெளிய கால வெச்சே, அப்பால இந்த ஊட்டுக்குள்ள வராத."

கரண்ட் போனது.

ஐந்து ரேடியோக்களும் ஒன்றாக அடங்கின.

"பொன்னம்மாக்கா! கதவத் தட்டுக்கா! சுசீலாக்கா! யாராச்சும் வாங்களேன்!"

கூரைக்கடியில் அந்தக் குரல் வீடு வீடாக வந்தது. தொண்டை கட்டிப்போன குரல். இன்றுதான் முதன்முதலாகக் கூப்பிடுகிறவளின் குரல் அல்ல. இத்தனை நாளும் பாட்டுக்கு அடியில் தங்கள் பெயர்கள்தான் இருந்தன என்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது.

சுசீலா மாவுக் கையோடு ஓடினாள். பொன்னம்மாள் அவளுக்கு முன்பே அங்கே நின்று கதவை அறைந்துகொண்டிருந்தாள். "தொறடா, டேய்!" மற்றப் பெண்களும் வந்தார்கள். ஆண்கள் அவரவர் வாசலோடு நின்றார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

கஜபதி திறந்தான். கையில் பெல்ட். "இன்னாங்கடி கும்பலு? ரேஷன்ல பாமாயில் ஊத்துறானா? என் பொண்டாட்டி, நான் அடிப்பேன். எப்பவும் போல போய்ப் பாட்டு கேளுங்க."

அவன் முதுகுக்குப் பின்னால் பஞ்சவர்ணம் சுவரைப் பிடித்து எழ முயன்றாள். அவன் கதவைச் சாத்தினான். சுசீலா கதவு நிலையில் கையை வைத்தாள். கதவு விரல்களை நசுக்கியது. அவள் எடுக்கவில்லை.

கரண்ட் வந்தது. உரக்க வைத்தபடியே விட்டிருந்த ரேடியோக்கள் ஐந்தும் அலறின. கஜபதி சிரித்தான்.

பொன்னம்மாள் திரும்பி நடந்தாள். இவளும் போய்விட்டாள் என்றுதான் சுசீலா நினைத்தாள். பொன்னம்மாள் வீட்டு ரேடியோ நின்றது. அவள் வந்து பழைய இடத்திலேயே நின்றாள். பிறகு அடுத்த வீட்டு ரேடியோ நின்றது. அதற்கடுத்தது. நான்காவதும் நின்றது. கஜபதியின் சிரிப்பு போய்விட்டது.

ஒன்று மட்டும் பாடிக்கொண்டிருந்தது. எல்லோரும் சுசீலாவின் வீட்டைப் பார்த்தார்கள். ரகுநாதன் வாசலை அடைத்துக்கொண்டு நின்றிருந்தான்.

சுசீலா திரும்பிப் பார்க்கவில்லை. நிலையில் பதிந்திருந்த அவள் விரல்களிலிருந்து மாவும் ரத்தமும் கலந்து கதவில் வழிந்தன. முதுகுக்குப் பின்னால் பாட்டு கேட்டுக்கொண்டே இருந்தது.