வாரம் தொடங்கும் நாள்: 7

1

இந்தக் கதை பிறந்தது பாத்திரம் கழுவும் தொட்டியில். எழுதுகிறவளுக்கு இதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சம். (மழைநாளில், ரயில் பயணத்தில் என்று கௌரவமாக ஏதாவது சொல்லிப் பார்த்தாள். ஒட்டவில்லை.) ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. முந்தின நாள் விருந்தாளிகள் விட்டுப்போன பாத்திரங்கள் மலையாகக் குவிந்திருந்தன. அவள் கணவர் அதைப் பார்த்தார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். பிறகு போய் மடிக்கணினி முன்னால் உட்கார்ந்தார்.

2

முதலில் எழுதிய வரி: "அவர் ஒரு சோம்பேறி." அடித்தாள். போய்ச் சேர்ந்தவரை அப்படிச் சொல்லலாமா? அடுத்தது: "அவர் கடும் உழைப்பாளி, வீட்டு வேலை என்றால்

வேண்டாம். பொய் எழுதினால் கை கூசுகிறது. பழைய வரியையே திரும்பப் போட்டாள்.

அவர் வேலையைச் சொல்லிவிட்டால் வம்பில்லை. வெளியிலிருந்து வரும் கோப்புகளில் "பதினான்காம் வாரம், முதல் நாள்" என்று மட்டும் இருக்கும். அது எந்தத் தேதி என்று கணினிக்குத் தெரியாது. ஸ்கீமா என்கிற விதிப்பட்டியலில், வாரம் எந்தக் கிழமை தொடங்குகிறது என்று எழுதிவைக்க வேண்டும். திங்கள் என்றால் 1, ஞாயிறு என்றால் 7.* அதை எழுதுவதுதான் அவர் பிழைப்பு.

வீட்டையும் விடவில்லை. ஒற்றை வாரம் அவர், இரட்டை வாரம் அவள் என்று பாத்திர முறைக்கு ஒரு கோப்பு; அதில் வாரத் தொடக்கம் 1, திங்கள். வாரத்தின் முதல் நாள் காலை, யார் முறை என்று இருவர் கைபேசிக்கும் செய்தி வரும்.

(* ஜனவரியில் எத்தனை நாள் இருந்தால் அதை முதல் வாரம் என்று ஒத்துக்கொள்வது என இன்னொரு விதியும் உண்டு. அவர் அதை விளக்கிய மூன்று முறையும் எழுதுகிறவள் தூங்கிப்போனாள். நீங்கள் விழித்திருக்க வேண்டும் என்பதால் விட்டுவிடுகிறாள்.)

3

அந்த ஞாயிறு அவருடைய வாரத்தின் கடைசி நாள். அவர் 1-ஐ அழித்து 7 என்று போட்டார். இரண்டு கைபேசிகளும் ஒன்றாகச் சிணுங்கின.

"பாரு, உன் வாரம் பொறந்தாச்சு."

"நான் குளிச்சிட்டு வர்றதுக்குள்ள தொட்டி காலியா இருக்கணும். அந்த நம்பரையும் பழையபடி மாத்தி வைங்க."

குளித்து வந்தபோது தொட்டி காலி. கரண்டி வரைக்கும் துடைத்து அடுக்கியிருந்தது. அவர் நாற்காலியில் சாய்ந்திருந்தார், மடியில் ஈரத்துணி. களைத்த மாதிரி நடிக்கிறார் என்று நினைத்து, போதும் எழுந்திரிங்க என்றாள். இரண்டு தடவை.

[இங்கே ஒரு பத்தி இருந்தது. எடுத்துவிட்டாள். இதயம் என்றார் மருத்துவர்.]

4

இரண்டு மாதம் கழித்துக் கொழுந்தன் வந்தான். அண்ணன் செய்த அதே வேலை அவனுக்கும். அவன் இருக்கும்போதே அவள் கைபேசியில் செய்தி வந்தது: இந்த வாரம் அவர் முறை. அவன் முகம் வாடிவிட்டது.

"அண்ணன் பேரை எடுத்துடவா, அண்ணி? ஒரு நிமிஷ வேலை."

"எடுத்தா எல்லா வாரமும் என் முறையாயிடும்ல?"

"இப்பவும் நீங்கதானே கழுவுறீங்க?"

"கழுவுறது நான். முறை அவரோடது."

அவன் தலையைச் சொறிந்தான். சரி, கிழமையையாவது ஒழுங்காக்கி 1 போடவா என்றான். அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

5

முடிவு இரண்டு இருக்கிறது.

1 போட்டால், அந்த ஞாயிறு அவர் வாரத்தில் விழும். தன் முறையைக் கழுவிவிட்டுப் போனார், முணுமுணுத்துக்கொண்டே. கணக்கு நேர். சோம்பேறி என்ற வரியும் நிற்கும்.

7 இருந்தால், அந்த ஞாயிறு அவள் வாரம். அப்படியானால் அந்த மலை முழுவதும் அவள் பாத்திரம். அவர் கழுவியது அவளுக்காக. இரண்டாம் பகுதியை முதலிலிருந்து திருத்த வேண்டியிருக்கும்.

மாற்ற மறந்தாரா, வேண்டுமென்றே விட்டாரா? கதாபாத்திரத்தைக் கேட்க வழியில்லை. உங்களுக்கு எது நியாயமாகப் படுகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். எழுதுகிறவள் எழுந்திருக்க வேண்டும், தொட்டியில் வேலை கிடக்கிறது.

இன்று ஞாயிறு. காலையிலேயே செய்தி வந்துவிட்டது. கோப்பில் 7 அப்படியே இருக்கிறது.