ஒருத்திக்கு மட்டும் டீ

மூன்றாவது தடவையாக டீயைத் தொட்டியில் கொட்டிவிட்டுப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தாள் கண்ணாடியக்கா. முதலில் போட்டது கஷாயம். இரண்டாவது, வெந்நீருக்குப் பாலைத் தூரத்திலிருந்து காட்டின மாதிரி இருந்தது. மூன்றாவதில் ஒரே ஒரு கிராம்புதான் விழுந்தது. அந்த ஒன்றே டீயைப் பல்வலி மருந்தாக்கிவிட்டது. அண்ணன் வருகிற நேரம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

கண்ணாடிக் கடையில் லென்ஸை அறுத்துத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிற வேலை அவளுக்கு. பெயர் வந்தது அதனால்தான். மயிரிழை பிசகினாலும் லென்ஸ் ஃபிரேமில் உட்காராது. அவள் கையில் பிசகினதே இல்லை. அப்பேர்ப்பட்ட கைக்கு ஒரு டம்ளர் டீ போட வரவில்லை என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் நிஜம் அதுதான். அண்ணன் வீட்டில் காலையும் மாலையும் ஒன்பது பேருக்கு டீ போட்டுப் பழகின கை அது. ஒன்பது பேருக்கென்றால் கண்ணைக் கட்டிவிட்டாலும் போடுவாள். கட்டைவிரல் நீளத்துக்கு இஞ்சி, நாலு ஏலக்காய், ரெண்டு கிராம்பு, கொஞ்சம் மிளகு, பட்டையில் ஒரு சிம்பு. எல்லாவற்றையும் ஒன்றாகத் தட்டிப் போட்டால் தீர்ந்தது. அதையே ஒருத்திக்கு எப்படிப் பிரிப்பது? ஒன்பதாக அறுப்பதற்குக் கிராம்பு என்ன லென்ஸா? ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். டீ போட்ட கையைப் பற்றி யாரும் சொல்லி வைக்கவில்லை. இந்த அறைக்குக் குடிவந்த அன்று கடைக்குப் போய், தனியாள் என்பதே மறந்து, இருப்பதிலேயே பெரிய பாத்திரமாகப் பார்த்து எடுத்து வந்ததும் இதே கைதான்.

அந்த வீட்டில் ஒன்பது டம்ளரும் போய்ச் சேர்ந்த பிறகு, பாத்திரத்தின் அடியில் மண்டியோடு தங்குவது அவளுக்கு. அதையும் சூடாகக் குடிக்க விடமாட்டார்கள். ஒருவருக்குச் சர்க்கரை பத்தாது, இன்னொருவருக்கு ஆடை விழுந்திருக்கும். யாரும் கெட்டவர்கள் இல்லை. அண்ணன் நல்லவன். அண்ணி அதைவிட நல்லவள். கெட்டவர்கள் வீடென்றால் ஒரு சண்டை போட்டுவிட்டுக் கிளம்பலாம். நல்லவர்களிடம் என்னவென்று சொல்லிக் கிளம்புவது? 'நான் போட்ட டீயை நான் ஒருநாள்கூடச் சூடாகக் குடித்ததில்லை, அதனால் போகிறேன்' என்றால் கேட்கிறவர்கள் சிரிக்க மாட்டார்களா? அதனால், கடைக்குப் பக்கத்திலேயே அறை கிடைத்திருக்கிறது என்று மட்டும் சொன்னாள். ஒரு பெட்டியோடு மூன்றாவது மாடிக்கு ஏறி வந்துவிட்டாள். ஐம்பதைத் தாண்டியவள், கல்யாணமும் ஆகாதவள், இப்படிக் கிளம்பினால் வீடு சும்மா இருக்குமா?

"ஒருத்தி சமைச்சு ஒருத்தி சாப்பிடறது ஒரு பொழப்பா? ஞாயித்துக்கிழமை வண்டியோட வரேன். பெட்டியைக் கட்டி வை" என்று அண்ணன் போனில் சொன்னபோது அவளுக்குச் சுருக்கென்றது.

"வா அண்ணே. என் வீட்டுல ஒரு டீ குடி. அப்புறம் பேசலாம்" என்று வாயை விட்டுவிட்டாள். என் வீடு என்று அவள் சொன்னது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. சொன்னபோது இனித்தது. இப்போது அந்த வீட்டில் ஒரு டம்ளர் டீக்கு வழியில்லை. நல்ல டீயாகக் கொடுக்காவிட்டால் அண்ணன் திட்டக்கூட மாட்டான். 'பாத்தியா?' என்று பாவமாக ஒரு பார்வை பார்ப்பான். அவளும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே இறங்கிவிடுவாள். அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அழுகை வந்தது. பின்னாலேயே கோபமும் வந்தது. 'சீ போ, உன் இஷ்டத்துக்கே போடு!' என்று தன் கையைத்தானே வைதாள். கை அந்த வார்த்தைக்காகவே காத்திருந்ததுபோல் கிளம்பியது. அந்தப் பெரிய பாத்திரத்தை அடுப்பில் ஏற்றியது. இஞ்சியை நசுக்கியது, ஏலக்காயைப் பிளந்தது, எதையும் எண்ணாமல் அள்ளிப் போட்டது. தண்ணீர் கொதித்து நிறம் இறங்கியதும் இருந்த பாலையெல்லாம் ஊற்றியது. டீ விளிம்புவரை பொங்கி வந்தபோது தணலைக் குறைத்து, மறுபடி பொங்கவிட்டு, மறுபடி குறைத்தது. எழுந்த மணத்தில் அந்தச் சின்ன அறை கொள்ளவில்லை. அடடா, இதுதான்! இதேதான்!

முதல் டம்ளரை வடிகட்டித் தனக்கு வைத்துக்கொண்டாள். நுரையோடு, நாக்கைச் சுடச்சுட ஒரு வாய் குடித்தாள். இத்தனை நாள் எல்லோரும் இதையா குடித்துக்கொண்டிருந்தார்கள்? சந்தோஷம் என்றால் அப்படியொரு சந்தோஷம். தனியாக நின்று சிரித்தாள்.

பிறகு பாத்திரத்தைப் பார்த்தாள். ஒரு ஊருக்கே ஆகும்போல் இருந்தது. அதற்குள் பக்கத்து அறை நர்ஸ் கதவில் தலையை நீட்டினாள்.

"என்னக்கா, மத்தியானத்துலேர்ந்து வாசனை மட்டும்தான் வருது. டீ வராதா?"

"டம்ளர் கொண்டா. என்கிட்ட ஒண்ணுதான் இருக்கு" என்றாள் கண்ணாடியக்கா. அதோடு நிற்கவில்லை. தானே போய் எதிர் அறைக் கதவைத் தட்டி லாரி டிரைவரை எழுப்பினாள். மேல்மாடியில் புதிதாகக் குடிவந்திருந்த புருஷன் பெண்டாட்டியையும் கூப்பிட்டாள். ஆளுக்கொரு டம்ளரோடு வந்தார்கள். நர்ஸ் கட்டிலில் உட்கார்ந்தாள். டிரைவர் பெட்டிமேல் ஏறிக்கொண்டான். புதுப்பெண் ஒரு வாய் குடித்துவிட்டு, "எங்க வீட்டுக்காரர் போடறது டீயே இல்ல போலிருக்கே" என்று சொல்ல, அவன் டம்ளருக்குள் முகத்தை மறைத்துக்கொண்டான்.

அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் அண்ணன் மூச்சு வாங்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றான்.

"என்னம்மா இது, டீக்கடை வச்சிருக்கியா?"

"வாங்க சார், உக்காருங்க" என்று டிரைவர் பெட்டியில் பாதி இடம் விட்டான். "டம்ளர் கொண்டு வரலையா?"

"டம்ளரா?" அண்ணன் அவனை மேலும் கீழும் பார்த்தான். உட்காரவில்லை. "கீழ வண்டி நிக்குது. கிளம்பு, போலாம். அண்ணி உனக்காகக் காத்துட்டிருக்கா."

கண்ணாடியக்கா அடுப்புப் பக்கம் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் கையிலிருந்த டம்ளரில் இன்னும் சூடு இருந்தது.

"நான் வரல அண்ணே. இங்க நல்லா இருக்கேன். நீ ஞாயித்துக்கிழமையில வா. அண்ணியையும் கூட்டிட்டு வா. டீ எப்பவும் இருக்கும்."

கோபத்தில் கத்தவில்லை, கெஞ்சவில்லை. உட்கார்ந்தபடியே சொன்னாள். அண்ணன் அவளையே பார்த்தான். பிறகு அந்தப் பெரிய பாத்திரத்தைப் பார்த்தான். அவள் கிளம்பிய நாளிலிருந்து அந்த மணம் அவன் வீட்டில் இல்லை.

"இருக்கா?" என்றான், குரல் இறங்கி.

"நிறைய இருக்கு. டம்ளர்தான் இல்ல."

நர்ஸ் கடைசி வாயைக் குடித்துவிட்டுத் தன் டம்ளரை நீட்டினாள். "இந்தாங்க சார். அலம்பிக்குங்க."

அண்ணன் அதை வாங்கிக்கொண்டு வழக்கம்போலத் தங்கைப் பக்கம் திரும்பினான். அவள் எழுந்திருக்கவில்லை, இன்னொரு வாய் குடித்தாள். வேறு யாரும் எழுந்திருக்கவில்லை. கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு, சட்டைக் கையை மடக்கிக்கொண்டு அவன் தொட்டிப் பக்கம் போனான். குழாயை எந்தப் பக்கம் திருப்புவதென்று தெரியாமல் முழுசாகத் திறந்துவிட்டான். தண்ணீர் சீறி இஸ்திரிச் சட்டை முழுக்கத் தெறித்தது. அவன் நகராமல் அங்கேயே நின்று, டம்ளருக்குள் விரலை விட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தான்.