சொந்தக் கடையில் ஹெல்பர்

"அரை நாள் சம்பளத்தைப் புடிச்சிருக்கியா? எனக்கா?"

"நீங்க கடைக்கு வந்த நேரம் அப்படிங்க. தையல் பொண்ணு உங்களுக்கு முன்னால வந்து மெஷினுக்கு எண்ணெய் போட்டு, ரெண்டு உறையும் தெச்சு முடிச்சுட்டா."

"நான் உன் புருஷன்."

"அது வீட்டுல. அங்க நான் எதையும் புடிக்கலையே."

குஷன் கடையின் ஷட்டர் பாதிதான் ஏறியிருந்தது. உள்ளே நடந்ததில் தெருவுக்குத் தெரிந்தது முழங்காலுக்குக் கீழேதான். ஆண் கால்கள் முன்னும் பின்னுமாக அலைந்தன. பெண் கால்கள் நட்ட இடத்தில் நின்றன. எதிர் வரிசையில் இருக்கும் எங்களுக்கு அதுவே தாராளம். சலூன்காரர் ஒரு கன்னம் மழித்து மறு கன்னம் சோப்போடு இருந்த ஆளை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு வந்தார். சோப்பு ஆளும் பின்னாலேயே வந்தார்.

"சம்பளமே ஒரு சம்பளமா? அதுல பாதி நாள் வேற. இந்தக் காசுக்குத் தெரு கூட்டக்கூட ஆள் வராது."

"அந்தச் சம்பளத்தை எழுதினது யாருங்க?"

ஆண் கால்கள் நின்றன. எழுதினது யார் என்று தெருவுக்கே தெரியும்.

சோபாக்காரரைத் தெரியாதவர் இந்தப் பக்கம் கிடையாது. பழைய சோபா, கிழிந்த வேன் சீட், ஸ்பிரிங் எகிறிய நாற்காலி என்று எதைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் கண் மூடித் திறப்பதற்குள் பிரித்துப் போட்டுவிடுவார். பிரிப்பதில்தான் அந்த வேகம். மூட்டுவதற்கு மனசு வர வேண்டும். என் தங்கை வீட்டு நாற்காலிகள் அவர் கடையில் எலும்பும் தோலுமாகக் கிடந்த காலத்தில் அவள் வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் எல்லாம் கட்டிலில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டுப் போனார்கள். ஆனால் கை நல்ல கை. அதில் யாரும் குறை சொன்னதில்லை. அந்தக் கை கடைக்கு வர வேண்டும், அவ்வளவுதான்.

முன்னொரு தடவை தன் பேரில் கடன் வாங்கியிருந்தார். கம்ப்ரஸரும் ஆணி அடிக்கும் துப்பாக்கியும் வாங்கப்போவதாகச் சொல்லித்தான் வாங்கினார். வாசலில் வந்து நின்றது மோட்டார் சைக்கிள். தவணை கட்டாததால் கொஞ்ச நாளில் மோட்டார் சைக்கிளும் போனது, வங்கியில் பேரும் போனது. அதற்குப் பிறகு எந்த வங்கியிலும் அவரை வாசல் காவலாளியைத் தாண்டி விடவில்லை.

அப்போதுதான் டீக்கடையில் அந்தப் பேச்சு அடிபட்டது. முதல்முதலாகத் தொழில் தொடங்கும் பெண்களுக்கு, அடகு வைக்க ஒன்றுமில்லாதவர்களுக்கு, வங்கி கடன் கொடுக்கும். அவர்களுக்காக அரசாங்கமே ஜாமீன் நிற்கும். இவ்வளவு நீளமான செய்தியில் சோபாக்காரர் காதில் விழுந்தது 'பொண்டாட்டி பேரில்' என்பது மட்டும்தான்.

"ஒரு கையெழுத்து. அதோட உன் வேலை முடிஞ்சுது" என்று வீட்டில் சொன்னாராம்.

முடியவில்லை. கடன் விசாரணைக்கு வங்கியிலிருந்து ஒரு பெண் வந்தாள். ஸ்கூட்டரை விட்டு இறங்கினாலும் தலையை விட்டு ஹெல்மெட் இறங்காது. பாதிக் கேள்வியை அதற்குள் இருந்தே கேட்பாள். அதனால் தெரு அவளுக்கு ஹெல்மெட் என்றே பேர் வைத்தது. கடன் வாங்குகிறவர் பயிற்சி வகுப்புக்கு வர வேண்டும் என்றாள் ஹெல்மெட். சோபாக்காரர் தலையை வாரிக்கொண்டு, பேனாவும் கையுமாகத் தானே கிளம்பினார். கேட்டிலேயே, "சார், இது உங்களுக்கு இல்ல" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிறகு அவர் மனைவி போனாள்.

அடுத்த நிபந்தனை, கடையில் குறைந்தது இரண்டு பேருக்காவது வேலை தர வேண்டும். ஒரு இடத்துக்கு ரெடிமேட் கம்பெனியிலிருந்து தையல் பெண்ணைப் பிடித்துவந்தார். இன்னொரு ஆளுக்கு எதற்குத் தண்டச் சம்பளம் என்று, அந்த இடத்தில் தன் பேரையே எழுதினார். வேலை: ஹெல்பர். சம்பளம்: எழுதலாம் என்று அனுமதித்ததிலேயே ஆகக் குறைந்த தொகை. கூட்டி எழுதினால் வரி கிரி என்று யாராவது வந்து நிற்பார்கள் என்பது அவர் கணக்கு.

"என் கடையில நானே வேலைக்குச் சேர்ந்துட்டேன்யா" என்று சலூனில் வந்து சொன்னார். எல்லோரும் சிரித்தோம். அவர்தான் அதிகமாகச் சிரித்தார்.

வரவு செலவு எல்லாம் அவள் கணக்கு வழியாகத்தான் நடக்க வேண்டும், சம்பளமும் வங்கி மூலம்தான் போக வேண்டும் என்பது வங்கியின் விதி. விதி காகிதத்தில்தான் இருக்கும் என்று அவர் நினைத்தார். அவள் அப்படி நினைக்கவில்லை. வகுப்பில் என்னென்ன சொல்லித்தந்தார்களோ தெரியாது, அவள் கொண்டுவந்தது ஒரே ஒரு வாக்கியம்: "வீட்டுக் காசு வேற, கடைக் காசு வேற." அதுவரை கல்லா எப்போதும் திறந்தே கிடக்கும். சோபாக்காரர் டீக்கு எடுப்பார், சிகரெட்டுக்கு எடுப்பார். பக்கத்துத் தெருவில் இருக்கும் அவருடைய அக்கா, தம்பியைப் பார்க்க வந்தால் கல்லாவையும் பார்க்காமல் போகமாட்டார். இப்போது கல்லாவுக்குப் பூட்டு வந்துவிட்டது. சாவி அவள் இடுப்புக்கு வந்துவிட்டது. தெருவும் 'சோபாக்காரர் சம்சாரம்' என்பதை விட்டுவிட்டு முதலாளியம்மா என்று கூப்பிடத் தொடங்கியது. கேலியாகத்தான் தொடங்கியது. ஆனால் அவள் திரும்பிப் பார்த்துவிட்டாள்.

அரை நாள் சம்பளம் போன அன்று சாயங்காலமே அக்காவை அழைத்துவந்துவிட்டார் தம்பி. அக்கா வழக்கம்போல, டெலிவரிக்குத் தயாராக இருந்த புதுச் சோபாவில் போய் உட்கார்ந்தார்.

"ஏம்மா, குடும்பம்னா ஒரு இது வேணாமா? கட்டின புருஷனுக்குச் சம்பளம் குடுக்கறதும், அப்புறம் அதைப் புடிக்கறதும். நாலு பேர் கேட்டா நல்லாவா இருக்கும்?"

"கையை எடுத்துக்கங்க அண்ணி. கைப்பிடி பாலிஷ் இன்னும் காயல."

அக்கா முழங்கையைத் திருப்பிப் பார்த்தார். பளபளவென்று இருந்தது.

"அவன் கஷ்டப்பட்டு ஆரம்பிச்ச கடைம்மா இது. அவன் பேருக்கே மாத்திக் குடுத்துடு. நீ பாட்டுக்கு வீட்டுல நிம்மதியா இரேன்."

"பேங்க்ல கேப்போம் அண்ணி. அவங்க சரின்னா மாத்திடலாம்."

மறுநாள் மூன்று பேரும் வங்கிக்குப் போனார்கள். அன்று பணம் கட்டப் போயிருந்த சலூன்காரர்தான் எங்களுக்குச் சாட்சி.

"மாத்தலாம் சார், தாராளமா மாத்தலாம்" என்றாளாம் ஹெல்மெட். "ஆனா கவர்மென்ட் ஜாமீன் மேடத்துக்குத்தான் நிக்குது. உங்க பேருக்குக் கடை போயிட்டா ஜாமீன் விழுந்துடும். பாக்கி முழுசையும் அன்னிக்கே கட்டிடணும்."

"முழுசும்னா?"

"முழுசும்தான் சார். இல்ல, வேற யாராவது சொத்து வச்சு ஜாமீன் போடணும்." அவள் அக்கா பக்கம் திரும்பினாள். "நீங்க போடறீங்களாம்மா? சொந்த வீடுதானே?"

அக்காவுக்கு வீட்டில் அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்தது சட்டென்று ஞாபகம் வந்தது. ஆனாலும் விடாமல், வாசற்படி வரை வந்து தம்பி மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். "கடன் இருக்கற வரைக்கும் சரிம்மா. அதுக்கப்புறம் என்ன? இப்பவே ஒரு வார்த்தை சொல்லு."

"கடன் முடியட்டும் அண்ணி. முடிஞ்சதும் அவர் பேருக்கே எழுதிக் குடுத்துடறேன்."

இதைச் சலூன்காரர் தன் இரண்டு காதாலும் கேட்டார்.

அன்றிலிருந்து சோபாக்காரர் வேறு மனிதராகிவிட்டார். தையல் பெண் வருவதற்குள் ஷட்டர் முழுதாக ஏறியிருக்கும். பள்ளி வேன் சீட், டாக்டர் வீட்டுக் காத்திருப்பு நாற்காலி, கல்யாண மண்டபத்து மேடைச் சோபா என்று எது வந்தாலும் முடியாது என்று சொல்லவில்லை. பிரித்துப் போட்டுக் கிடந்ததெல்லாம் ஒவ்வொன்றாக மூட்டப்பட்டு வீடு திரும்பியது. தங்கையின் நாற்காலிகளும் வந்து சேர்ந்தன. அவளுக்கே அடையாளம் தெரியாமல், இது நம்முடையது இல்லை என்று திருப்பி அனுப்பப் பார்த்தாள். பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர் மாதிரி, "இன்னும் எத்தனை தவணைம்மா?" என்று அவர் தினமும் கேட்டார். தன் ஹெல்பர் சம்பளத்தில் ஒரு பகுதியையே கடனுக்குக் கட்டச் சொல்லிக் கொடுத்தார். அவள் அதற்கு ரசீது போட்டுக் கொடுத்தாள்.

அவள் விலை பேசினாள், தேதி சொன்னாள், சொன்ன தேதிக்கு அனுப்பினாள். ஒரு மத்தியானம் ரெக்சினில் சாக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தபோது தையல் பெண் கேட்டாளாம்: "அக்கா, கடன் முடிஞ்சா நீங்க கடைக்கு வரமாட்டீங்களா?"

"வர்றவங்க ஓனர் இருக்காங்களான்னு கேக்கறாங்க இல்ல, மொதல்ல எல்லாம் நான் திரும்பி அவரைத்தான் பாப்பேன். இப்ப நானே எந்திரிச்சுடறேன். காலுக்குப் பழகிடுச்சு."

"அப்ப எழுதிக் குடுக்கமாட்டீங்களா?"

"சொன்ன வார்த்தைன்னு ஒண்ணு இருக்கேடி."

இதைத் தையல் பெண் வெளியே சொன்ன பிறகு தெரு இரண்டாகப் பிரிந்தது. வார்த்தை தவறமாட்டாள் என்பது சலூன்காரர் கட்சி. சாவியை இடுப்பில் செருகிப் பழகியவள் எங்கே கழற்றப்போகிறாள் என்பது எங்கள் கட்சி.

கெடுவுக்கு வெகு முன்பே கடன் முடிந்தது. கடைசித் தவணை கட்டப் போன அன்று சோபாக்காரர் இஸ்திரி போட்ட சட்டையில், கையில் ஒரு ஸ்வீட் பெட்டியோடு கிளம்பினார். முந்தின நாளே போர்டு எழுதுகிறவர் வந்து கடை முகப்பை அளந்துவிட்டுப் போயிருந்தார். வங்கியில் மேனேஜரே எழுந்துவந்து கைகொடுத்தாராம், அவளுக்கு. பிறகு ஹெல்மெட் நாலைந்து காகிதங்களை நீட்டினாள். முதலாளியம்மா நிதானமாகப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாள். நடுவில் பேனா மக்கர் செய்தது. சட்டைப் பையிலிருந்து தன் பேனாவை எடுத்துக் கொடுத்தவர் சோபாக்காரர்தான். இதைப் பின்னால் அவரே எல்லோரிடமும் சொல்லி மாய்ந்தார்.

வெளியே வந்ததும் கேட்டார்: "எப்பம்மா எழுதிக் குடுக்கறே?"

"கடன் முடிஞ்சதும்னுதானே சொன்னேன்."

"அதான் முடிஞ்சிடுச்சே."

"இப்பதாங்க அடுத்த கடன் வாங்கிட்டு வர்றேன். உள்ள கையெழுத்துப் போட்டேனே. முன்கூட்டியே கட்டி முடிச்சவங்களுக்கு ரெண்டு மடங்கு தர்றாங்க. இதுக்கும் கவர்மென்ட்தான் ஜாமீன்."

அவர் வங்கிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஸ்வீட் பெட்டி மடியில் இருந்தது.

"ராப்பகலா உழைச்சு அடைச்சவன் நான். என்னை ஏமாத்திட்டே இல்ல?"

"ஆமாங்க" என்றாள் அவள். "அன்னிக்கு அண்ணி முன்னால வேற என்ன சொல்லியிருக்க முடியும்? முடியாதுன்னு சொன்னா விட்டிருப்பீங்களா?"

அவர் ஸ்வீட் பெட்டியின் நூலை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினார்.

"அந்தக் கடையை நான் குடுத்துட்டா மறுபடியும் கல்லா திறந்துடும். நீங்க திறக்கலைன்னாலும் அண்ணி திறப்பாங்க. உங்களுக்கு ஃபோர்மேன்னு எழுதியிருக்கேன். சம்பளமும் கௌரவமா எழுதியிருக்கேன்."

"ஃபோர்மேன் லேட்டா வந்தா?"

"புடிப்பேன். வாங்க, ரெக்சின் வேன் வந்துடும்."

அவர் வரவில்லை. அதற்குப் பிறகு கொஞ்ச நாள் கடைப்பக்கமே போகவில்லை. சலூனில் வந்து உட்கார்ந்து பழைய பேப்பரைத் திரும்பத் திரும்பப் படித்தார். போகிறவர் வருகிறவரிடமெல்லாம் பேனா கதையைச் சொன்னார். முதலாளியம்மா வந்து கூப்பிடவும் இல்லை, யாரையும் சொல்லியனுப்பவும் இல்லை. அவர் இடத்துக்கு வேறு ஆள் வைத்தாளா என்று பார்த்தால் அதுவும் இல்லை. வேலை தேங்கியது. டாக்டர் வீட்டிலிருந்து இரண்டு தடவை ஆள் வந்துவிட்டுப் போனது. அவள் ஷட்டரை ஏற்றிவைத்துக்கொண்டு, வாசலைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டு இருந்தாள்.

கடைசியில் சலூன்காரருக்குத்தான் பொறுக்கவில்லை. "யோவ், தினம் வந்து உக்கார்றியே, அந்த நாற்காலி கிழிஞ்சு தொங்குது. நீ உக்காந்து உக்காந்துதான் கிழிஞ்சுது. தெச்சாவது குடேன்."

சோபாக்காரர் எழுந்து நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டார். அடியில் விரலை விட்டுத் தடவினார். "எவன்யா இதுக்கு ஆணி அடிச்சது?" என்று கேட்டார். பிறகு தெருவைத் தாண்டி ஊசி எடுக்கப் போனார். திரும்பி வரவில்லை. சலூன் நாற்காலி கவிழ்ந்தபடியே கிடந்தது. சாயங்காலம் முதலாளியம்மாவே ஆள் அனுப்பி அதைக் கடைக்கு எடுத்துவரச் சொன்னாள். தைத்துக்கொடுத்ததற்குப் பில்லும் வந்தது. சலூன்காரர் முனகிக்கொண்டே கட்டினார்.

புதுக் கடன் பணத்தில் கடை மெயின்ரோட்டுக்குப் போனது. கணவன் மனைவி இரண்டு பேரும் வீட்டைக் காலி செய்துகொண்டு கடைக்கு மேல்மாடியிலேயே குடியேறிவிட்டார்கள். லேட்டுக்குச் சம்பளம் பிடிக்கிற தகராறு இப்போதும் உண்டாம், மாடியில் நடப்பதால் நமக்குக் கேட்பதில்லை. பழைய இடத்தில் ஒரு போன் ரிப்பேர் பையன் வந்திருக்கிறான். அக்கா வீட்டை விற்றுவிட்டு வெளியூரில் இருக்கும் மகனோடு போய்விட்டார். போகும்போது ஒரு சோபா செட் கேட்டார், பாதிப் பணம் முன்னால் கட்டிய பிறகுதான் செட் வந்தது. தையல் பெண் ரெக்சின் வேன் ஓட்டுகிறவனைக் கட்டிக்கொண்டாள், ஆனால் வேலையை விடவில்லை. ஹெல்மெட்டுக்குத் தலைமை அலுவலகத்தில் வேலை பார்க்கும் யாரோடோ கல்யாணமாகி மாற்றலும் ஆகிவிட்டது. அவள் இடத்துக்கு வந்திருப்பவர் காரில் வருகிறார். அவருக்கு இன்னும் பேர் வைக்கவில்லை.